ஒரு இன்ச் விஷயம்: படகு மோட்டாரை எந்த உயரத்தில் மாட்டணும்?



படகு மோட்டாருக்குப் போகும் முன்னாடி, வயலில் இருக்கும் கிணற்று பம்ப்செட்டைப் பார்த்துவிடலாம். திருநின்றவூரைச் சுற்றி வீடுகள் முளைத்தது போக மீதி இருக்கும் வயல்களில் இன்னும் சில கிணறுகள் உண்டு. சித்திரை வெயிலில் தண்ணீர் இறங்கி, ஃபுட் வால்வின் தலை தெரிய ஆரம்பித்தால் என்ன நடக்கும்? அதுவரை ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று சத்தம் மாறிக் கத்தும். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு, துப்பித் துப்பி வரும். வீட்டில் பெரியவங்க யாராவது, “மோட்டார் ஏர் வாங்குது, போய் ஆஃப் பண்ணு” என்று குரல் கொடுப்பாங்க.

இந்தக் காட்சி உங்களுக்குத் தெரியும் என்றால், இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் உயரத்தைச் சரிசெய்வது என்பது, ஃபுட் வால்வைத் தண்ணீருக்குள் எவ்வளவு இறக்கணும் என்ற அதே கேள்விதான். ஒரு வித்தியாசம்: கிணற்றில் ஃபுட் வால்வை எவ்வளவு ஆழத்தில் விட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. படகில் ஒரு இன்ச் கூடுதலாக இறக்கினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு இன்ச் குறைத்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த இரண்டாவது விலை சில நேரம் ரொம்பப் பெரியது.

பழவேற்காட்டில் ஒரு மரக்கட்டை

போன விடுமுறையில் கூடப் படிக்கும் நண்பனோடு பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். நம்ம திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி. அவனுடைய மாமா ஏரியிலும் தொழில் செய்வார், கடலுக்கும் போவார். ஃபைபர் படகு, சின்ன பெட்ரோல் அவுட்போர்டு மோட்டார்.

படகின் பின்பலகைக்கும் மோட்டாரின் கிளாம்புக்கும் நடுவில், சுமார் ஒரு இன்ச் தடிமனில் ஒரு மரக்கட்டை இருந்தது. எதற்கு என்று கேட்டேன். “ஏரில போறப்ப இது இருக்கும் தம்பி. முகத்துவாரம் தாண்டி கடலுக்குப் போறப்ப எடுத்துருவேன்” என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

பழவேற்காடு ஏரி உப்பும் நன்னீரும் கலந்த ஏரி. இந்த வகையில் இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. ஆனால் ஆழம் மட்டும் இல்லை. பல இடங்களில் இடுப்பளவுதான், கீழே சேறும் மணலும். அங்கே மோட்டார் மேலே இருந்தால் ப்ரொப்பல்லர் தரையில் உரசாது. முகத்துவாரத்தில் கதை வேறு. ஏரி கடலைச் சந்திக்கும் அந்த வாயில் மணல்திட்டு இருக்கும், அலை உடையும். அங்கே மோட்டார் ஒரு வினாடிகூடப் பிடியை விடக் கூடாது. ஒரு மரக்கட்டையை வைத்து அவர் இரண்டு இடத்துக்கும் இரண்டு செட்டிங் வைத்திருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ‘ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்’ படித்த தைரியத்தில், “இன்னும் ஒரு இன்ச் ஏத்தினா இழுவை குறையும் மாமா, வேகம் கூடும்” என்று சொல்லிவிட்டேன். சரி, பார்த்துடலாம் என்று அவரும் இன்னொரு கட்டையைச் செருகினார். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டோம். அமைதியான ஏரியில், நேராக ஓட்டும்போது போனில் ஜி.பி.எஸ். காட்டிய வேகம் லேசாகக் கூடியது நிஜம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து அவர் படகை வளைத்தார். மோட்டார் வீறிட்டது, படகு முன்னே போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மிதந்தது. ஆக்சிலரேட்டரைக் குறைத்து, மறுபடி மெதுவாகக் கொடுத்த பிறகுதான் பிடி கிடைத்தது.

“ஏரிங்கிறதால சிரிக்கிறோம். இதுவே வாய்க்குள்ள அலை வர்றப்ப நடந்திருந்தா?” என்றார் மாமா.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்களைச் சரிசெய்வோம்

மோட்டார் தொங்கும் பின்பலகைக்கு டிரான்ஸம் என்று பெயர். மோட்டார்களை டிரான்ஸம் உயரத்துக்கு ஏற்ப 15 இன்ச், 20 இன்ச், 25 இன்ச் ஷாஃப்ட் என்று செய்கிறார்கள். 20 இன்ச் பலகையில் 15 இன்ச் மோட்டாரை மாட்டினால் ப்ரொப்பல்லர் காற்றில் சுற்றும். 15 இன்ச் பலகையில் 20 இன்ச் மோட்டாரை மாட்டினால் தண்ணீரை உழுதுகொண்டு போகும். எனவே உயரம் சரிசெய்வதில் முதல் படி, சரியான ஷாஃப்ட் வாங்குவது.

ப்ரொப்பல்லருக்குச் சற்று மேலே, தட்டையாக ஒரு இறக்கை மாதிரி ஒரு தகடு இருக்கும். இதைப் பலரும் ‘கேவிடேஷன் பிளேட்’ என்பார்கள். அது தப்பான பெயர். அதன் சரியான பெயர் ஆன்டி-வென்டிலேஷன் பிளேட். வித்தியாசம் என்ன?

வென்டிலேஷன் என்பது வெளிக்காற்று தண்ணீருக்குள் இழுக்கப்பட்டு ப்ரொப்பல்லருக்குள் போவது. நம்ம கிணற்று மோட்டார் ஏர் வாங்கின அதே கதை. கேவிடேஷன் என்பது காற்றே இல்லாமல் நடப்பது. ப்ரொப்பல்லர் இலையின் முதுகில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீர் அங்கேயே, அந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவிக்குமிழாகிறது. 30 டிகிரி செல்சியஸில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கலுக்கு இறங்க வேண்டும். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அந்தக் குமிழ்கள் வெடித்து அடங்கும்போது உலோகத்தையே அரித்துவிடும். மோட்டாரை அதிகமாக ஏற்றினால் நாம் பெரும்பாலும் சந்திப்பது முதல் வகை. அந்தத் தகடு, மேலிருந்து காற்று இறங்காமல் தடுக்கும் ஒரு மூடி.

ஜெட் மோட்டாரில் கதை எப்படி மாறுகிறது?

இப்போது அவுட்போர்டு ஜெட்டுக்கு வருவோம். மேலே இருக்கும் இன்ஜின் அதேதான். கீழே இருக்கும் கியர்கேஸையும் ப்ரொப்பல்லரையும் கழற்றிவிட்டு, அங்கே ஒரு பம்பை மாட்டுகிறார்கள். கரண்டி மாதிரி சரிந்த ஒரு வாய், படகின் அடியில் ஓடும் தண்ணீரை அள்ளும். வாயில் கம்பிகள் போட்ட சல்லடை இருக்கும். உள்ளே இம்பெல்லர் அந்தத் தண்ணீரை வேகப்படுத்தி, பின்னால் இருக்கும் நாசில் வழியாகப் பீய்ச்சும். அடியில் சுற்றும் இலை எதுவும் நீட்டிக்கொண்டிருக்காததால் ஆழம் குறைந்த ஆற்றிலும் ஓடலாம்.

படகு ஜெட்டின் வரலாற்றிலேயே உயரம் ஒரு முக்கியமான பாத்திரம். நியூசிலாந்தில் ஆழமில்லாத, கல் நிறைந்த, பல கிளையாகப் பிரிந்து ஓடும் ஆறுகளில் போக ஒரு படகு வேண்டும் என்று பில் ஹாமில்டன் என்பவர் 1950-களில் முயன்றார். அவருடைய முதல் வடிவத்தில் நீர் படகுக்கு அடியில், தண்ணீருக்குள்ளேயே வெளியேறியது. வேகம் சுமார்தான். பிறகு நாசிலை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவந்தார். படகு நன்றாகப் பாய்ந்தது. தண்ணீருக்குள் இழுபட்டுக்கொண்டிருந்த பாகங்கள் வெளியே வந்துவிட்டன அல்லவா! 1960-இல் ஹாமில்டன் ஜெட் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின.

நம்ம பக்கத்தில் கடலோரக் காவல்படைக்கு எல் அண்ட் டி கட்டித் தந்த இண்டர்செப்டர் படகுகளும் வாட்டர்ஜெட்டில் ஓடுபவைதான். அவை படகுக்குள்ளேயே பொருத்தப்பட்ட பெரிய ஜெட்டுகள். அங்கே உள்வாய் படகின் அடித்தளத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கும், உயரம் மாற்றும் பேச்சே இல்லை. அவுட்போர்டு ஜெட்டில் மட்டும்தான் அது நம் கையில் இருக்கிறது. அதனால் தப்பு செய்யும் வாய்ப்பும் நம் கையில்தான்.

ஜெட்டுக்கு ஒரு குறை உண்டு. அதே இன்ஜினில் ப்ரொப்பல்லர் போட்டால் கிடைப்பதைவிடத் தோராயமாக 30 சதவீதம் குறைவாகத்தான் பலன் கிடைக்கும். ஏன்? உந்துவிசை என்பது, ஒரு வினாடியில் தள்ளும் நீரின் நிறை × (நீர் வெளியேறும் வேகம் − படகின் வேகம்). ப்ரொப்பல்லர் நிறையத் தண்ணீரைக் கொஞ்சம் வேகப்படுத்துகிறது. ஜெட் கொஞ்சம் தண்ணீரை நிறைய வேகப்படுத்துகிறது. இலட்சிய நிலையில் திறன் = 2 × படகின் வேகம் ÷ (படகின் வேகம் + வெளியேறும் வேகம்). படகு வினாடிக்கு 8 மீட்டரில் போகட்டும், அதாவது மணிக்கு சுமார் 29 கி.மீ. ப்ரொப்பல்லரின் பின்னால் நீர் 11 மீட்டரில் போனால் திறன் 84 சதவீதம். ஜெட்டின் நாசிலில் 20 மீட்டரில் வெளியேறினால் 57 சதவீதம். இவை நான் எடுத்துக்கொண்ட உதாரண எண்கள்; போக்கு புரிந்தால் போதும்.

ஏற்கெனவே இவ்வளவு இழந்த மோட்டாரில், தப்பான உயரத்தால் இன்னும் கொஞ்சம் இழந்தால் படகு ‘பிளேன்’ ஆகாமலே போய்விடும். பிளேன் ஆவது என்றால், படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போவதை விட்டு, தண்ணீர்மேல் ஏறிச் சறுக்க ஆரம்பிப்பது. ஜெட்டின் பலமே அந்தச் சறுக்கலில்தான் இருக்கிறது.

ஒரு இன்ச்சுக்கு எவ்வளவு விலை?

கணக்குப் போட்டுப் பார்ப்போம், செமஸ்டர் பேப்பர் மாதிரி பயப்பட வேண்டாம்.

ஜெட்டின் வாய்ப்பகுதி தேவைக்கு மேல் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு இன்ச், கீழே இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அகலம் 200 மில்லிமீட்டர். கூடுதலாகத் தண்ணீரை எதிர்க்கும் பரப்பு 0.005 சதுர மீட்டர். இழுவைக் கெழு 0.5 என்று எடுத்துக்கொள்வோம்.

வினாடிக்கு 8 மீட்டரில், அரை × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் = 32,000 பாஸ்கல். இதை 0.5-ஆலும் 0.005-ஆலும் பெருக்கினால் இழுவை 80 நியூட்டன். அதை வேகத்தால் பெருக்கினால் 640 வாட். கிட்டத்தட்ட ஒரு குதிரைத்திறனில் ஏழில் ஆறு பங்கு!

வேகம் 12 மீட்டருக்குப் போனால்? சக்தி வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். 2,160 வாட், ஏறத்தாழ 3 ஹெச்.பி. ஒரே ஒரு இன்ச் தப்பான உயரத்துக்கு இவ்வளவு பெட்ரோல். இதோடு, இறங்கி நிற்கும் பாகத்தில் மோதும் தண்ணீர் படகுக்குள்ளேயே தெறிக்கும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

சரி, மேலே ஏற்றினால்? பம்ப் தண்ணீரைக் கூடுதலாக ஒரு இன்ச் தூக்க வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றும். அதற்கான அழுத்தம் வெறும் 245 பாஸ்கல். 32,000-க்கு முன்னால் அது தூசு. பழவேற்காட்டில் நான் மாமாவுக்குச் சொன்னதும் இந்த மாதிரி அரைக் கணக்கைத்தான். இழுவையைக் கணக்கில் எடுத்தேன், காற்றை மறந்துவிட்டேன்.

தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு கனமானது. இம்பெல்லருக்குள் காற்று கலந்தால், அது தள்ளும் நிறை குறைகிறது. நிறை குறைந்தால் உந்துவிசை விழுகிறது. அதே நேரம் இம்பெல்லரைச் சுற்றுவது சுலபமாகிவிடுவதால் இன்ஜின் சுமை இல்லாமல் எகிறுகிறது. சத்தம் ஏறும், வேகம் இறங்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் காற்றுதான் குற்றவாளி.

முக்கியமான விஷயம், இந்த இரண்டு விலைகளும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. கீழே இறக்க இறக்க நஷ்டம் படிப்படியாகக் கூடும். மேலே ஏற்றும்போது ஒரு கட்டம் வரை லாபம், லாபம், லாபம். அடுத்த கால் இன்ச்சில் திடீரென்று பிடியே போய்விடும். ஒரு பக்கம் சரிவுப் பாதை, இன்னொரு பக்கம் கிணற்றுச் சுவர். சுவரின் விளிம்பில்தான் அதிகபட்ச வேகம் இருக்கிறது என்பதுதான் இதில் இருக்கும் பொறி.

சரியான உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு மேனுவலில் ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கும், முடிவு கிடைக்காது. முடிவைத் தண்ணீரில்தான் கண்டுபிடிக்கணும்.

1. படகை டிரெய்லரிலோ கட்டைமேலோ நிறுத்துங்க. கொத்தனார் வைத்திருக்கும் மட்டப்பலகை மாதிரி நேரான ஒரு சட்டத்தை, படகின் அடித்தளத்தில் ஒட்டிப் பிடித்து, பின்பக்கமாக நீட்டுங்க.

2. ஜெட் என்றால், நீர் உள்ளே போகும் வாயின் முன்விளிம்பு அந்தச் சட்டத்தின் மட்டத்துக்கு வர வேண்டும். படகின் அடியும் ஜெட்டின் வாயும் ஒரே கோடு. ப்ரொப்பல்லர் என்றால், ஆன்டி-வென்டிலேஷன் பிளேட் அந்த மட்டத்துக்கு அல்லது ஒரு இன்ச் அங்கே இங்கே. ப்ரொப்பல்லர் மோட்டாரை ஜெட்டாக மாற்றினால், மொத்த மோட்டாரையும் சுமார் 5 முதல் 7 இன்ச் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பின்பலகையை உயர்த்தும் பிராக்கெட் தேவைப்படும்.

3. மோட்டாரை நேராக, சாயாமல் நிறுத்துங்க. சாய்வும் உயரமும் ஒன்றோடு ஒன்று விளையாடும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. லேபில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று சொல்வார்களே, அதேதான்.

4. வழக்கமான சுமையை ஏற்றுங்க. வலை, ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், ஆட்கள் எல்லாம். காலிப் படகில் கண்டுபிடித்த உயரம் காலிப் படகுக்கு மட்டும்தான் செல்லும்.

5. ஆழமான, ஆளில்லாத இடத்தில் நேராக ஓட்டுங்க. வேகத்தையும் இன்ஜின் சுழற்சியையும் எழுதி வையுங்க. நீரோட்டத்தின் திசையில் ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை ஓட்டிச் சராசரி எடுங்க.

6. அடுத்து வளையுங்க, இரண்டு பக்கமும். நிறுத்தி மறுபடி கிளப்புங்க. கொஞ்சம் அலை இருக்கும் இடத்திலும் பாருங்க. பிடி விடவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, கால் இன்ச், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர், ஏற்றி மறுபடி முதலிலிருந்து.

7. எந்த உயரத்தில் வளைவில் மோட்டார் கத்துகிறதோ, அதிலிருந்து ஒரு படி இறக்குங்க. அதுதான் உங்கள் உயரம். பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வையுங்க.

சின்ன மோட்டார்களில் கிளாம்பைத் தளர்த்தி, அடியில் கட்டையோ அலுமினியத் துண்டோ வைத்தால் போதும். பெரிய மோட்டார்களில் பிராக்கெட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றுக்கு இடையே பொதுவாக முக்கால் இன்ச் இடைவெளி. ஒரு துளை மாற்றினால் முக்கால் இன்ச் மாறும், அது சில நேரம் ரொம்ப அதிகம். இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றால் ஜாக் பிளேட் மாட்டுவார்கள். போல்ட் துளையில் தண்ணீர் இறங்காமல் சீலன்ட் போட மறக்காதீங்க. பலகையின் உள்மரம் ஊறினால் ஒருநாள் மோட்டாரே கழன்று விழும்.

ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது ஜெட்டின் வாய்ப்பக்கம் கையோ துணியோ கயிறோ போகவே கூடாது. ஓட்டுபவர் கில் ஸ்விட்ச் கயிற்றை உடம்போடு மாட்டியிருக்கணும். குளிர்ச்சித் தண்ணீரையும் கவனிங்க. மோட்டாரின் பின்னால் மெல்லிய கோடாகப் பீய்ச்சும் தண்ணீர் நின்றால், இன்ஜினுக்குக் குளிர்ச்சி போகவில்லை என்று அர்த்தம். அதிகமாக ஏற்றிய மோட்டார் பிடியை மட்டும் இழக்காது, சூடாகி இன்ஜினையும் இழக்கும்.

உயரத்தின்மேல் பழிபோடும் முன்

காற்று வாங்குவதற்கு எப்போதும் உயரம்தான் காரணம் என்றில்லை. சல்லடையில் பிளாஸ்டிக் பையோ ஆகாயத்தாமரை வேரோ சிக்கியிருக்கலாம். படகின் அடியில், ஜெட்டின் வாய்க்கு நேர் முன்னால், ஒரு ரிவெட்டோ மேடோ இருந்தால் அது நுரையைக் கிளப்பும். பம்ப் அந்த நுரையைக் குடிக்கும். நம்ம கரையில் ஓடும் பல ஃபைபர் படகுகளுக்கு அடி கூர்மையான V வடிவம். அலைக்கு அது நல்லது, ஜெட்டுக்குத் தட்டையான அடிதான் தோது.

இன்னொன்று தேய்மானம். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். மணல் கலந்த தண்ணீரில் ஓட்ட ஓட்ட அந்த இடைவெளி பெரிதாகும். அப்போது மோட்டாரை எவ்வளவு இறக்கினாலும் பழைய தள்ளல் வராது. ஏற்கெனவே நன்றாக ஓடிய படகு, உயரம் மாற்றாமலே கெட்டுப்போனால் முதலில் இதைத்தான் பார்க்கணும். பழவேற்காட்டில் நான் ஜெட் மோட்டாரைப் பார்க்கவே இல்லை. அந்த மணலையும் பாசியையும் வலைத் துணுக்குகளையும் பார்த்த பிறகு ஆச்சரியமாகவும் இல்லை.

எந்த நிமிடத்துக்காக மாட்டுகிறோம்?

இப்போது மாமாவின் கேள்விக்கு வரலாம்.

முகத்துவாரத்தில் பின்னாலிருந்து அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கும். மோட்டார் அளவுக்கு மேல் ஏற்றி மாட்டப்பட்டிருந்தால் அந்த நொடியில் காற்று வாங்கும். தள்ளல் போய்விட்டால் திருப்பும் சக்தியும் போய்விடும்; அவுட்போர்டில் சுக்கான் என்று தனியாக எதுவும் இல்லையே, தள்ளும் திசைதான் சுக்கான். படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அடுத்த அலை பக்கவாட்டில் வந்து கவிழ்க்கும். இந்த வரிசை முடிய சில வினாடிகள் போதும். மாமா மரக்கட்டையை எடுத்துவிட்டுக் கடலுக்குப் போவதற்குக் காரணம் இதுதான். ஒரு இன்ச் இழுவைக்கான பெட்ரோல் செலவை, அந்தச் சில வினாடிகளுக்கான காப்பீடாக அவர் கட்டுகிறார்.

இதே கேள்வி நம்ம ஊருக்குள்ளும் வரும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. சென்னையின் தெருக்களில் படகுகள் ஓடின. மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். 2018-இல் கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். நம்ம ரயில் பாதையிலேயே இருக்கும் அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது படையணி இருக்கிறது. அவர்கள் காற்றடைத்த ரப்பர் படகில் அவுட்போர்டு மோட்டார் மாட்டித்தான் வெள்ளத்துக்குள் போகிறார்கள்.

வெள்ளத் தெருவை நினைச்சுப் பாருங்க. அடியில் காம்பவுண்டு சுவர், கார் கூரை, மூடி இல்லாத கால்வாய். மேலே பிளாஸ்டிக், துணி, கேபிள் வயர். ப்ரொப்பல்லர் என்றால் சுவரில் அடிபடும். தண்ணீரில் நிற்பவரின் காலுக்கும் ஆபத்து. ஜெட் என்றால் சுழலும் இலை வெளியே இல்லை, ஆனால் பத்து அடிக்கு ஒருமுறை சல்லடை அடைக்கும். இரண்டில் எதை எடுத்தாலும் உயரம் இன்னொரு விதத்தில் சோதிக்கப்படும். மீட்கப்பட்டவர்கள் பயத்தில் எல்லோரும் படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூக்கு இறங்கும், வால் எழும்பும், மோட்டார் காற்று வாங்கும். நீரோட்டம் வேகமாக ஓடும் தெருமுனையில் அது நடந்தால் படகு யார் கையிலும் இருக்காது. இரண்டு பேரோடு அமைதியான ஏரியில் ஓட்டிப் பார்த்து, அதிக வேகம் வந்த உயரத்தில் போல்ட் போட்ட மோட்டார் அன்றைக்குக் கைகொடுக்காது.

ஆகவே நண்பர்களே, ‘சிறந்த உயரம்’ என்று ஒரு எண் இல்லை. அந்தப் படகு தன் வாழ்நாளில் சந்திக்கப்போகும் மோசமான நிமிடம் எது என்று முதலில் கேட்கணும். அந்த நிமிடத்திலும் பிடி விடாத உயரத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் எவ்வளவு வேகம் கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளணும். பந்தயப் படகுக்கு விளிம்பு சரி. மீன்பிடிப் படகுக்கும் மீட்புப் படகுக்கும் விளிம்பிலிருந்து ஒரு படி கீழே. நாளைக்கு நீங்க டிசைன் பண்ணப்போகும் பம்ப், பாலம், சாஃப்ட்வேர் எதுவாக இருந்தாலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

வீட்டிலேயே செய்து பார்க்க

படகு இல்லையே என்று விட்டுடாதீங்க. ஏர் கூலரில் இருக்கும் சின்ன பம்ப் ஒன்று, ஒரு டிரம், ஒரு ஸ்கேல் போதும். பம்பை டிரம்முக்குள் ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிடுங்க. பம்ப் தள்ளும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்க. பம்பை அரை அரை சென்டிமீட்டராக உயர்த்தி ஒவ்வொரு முறையும் அளந்து கிராஃப் போடுங்க. கோடு ரொம்ப நேரம் நேராகவே போகும். பிறகு நீர்மட்டத்தில் சின்னச் சுழி ஒன்று தோன்றும், பம்ப் கரகரக்கும், கோடு செங்குத்தாக விழும். பிளக்கும் வயரும் நனையாமல் பார்த்துக்கோங்க.

நான் இந்த கிராஃபைப் போட்டு மாமாவுக்குப் போனில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பேசினார்.

“படம் நல்லாருக்கு தம்பி. அந்தக் கோடு விழுதே, அந்த எடத்துக்கு முன்னாடியே நான் நின்னுக்கிறேன். அடுத்த லீவுக்கு வா, கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். கட்டையை நான் எடுத்து வெச்சுடறேன்” என்றார்.